எழுதாத செய்தியின் நேர்மை

பிரபலங்களைப் பற்றி எழுதிப் பிழைக்கும் நிருபரை நாயகனாக வைத்து ஹாலிவுட் எடுத்த புகழ்பெற்ற நகைச்சுவைப் படங்களின் முடிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தென்படும். 1934-இல் வந்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ படத்தில், வீட்டைவிட்டு ஓடிவந்த கோடீஸ்வரர் மகளின் கதையைக் கையில் வைத்திருக்கும் நிருபர் அதை அச்சேற விடுவதில்லை. 1940-இல் வந்த ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’யில், பணக்காரக் குடும்பத்துத் திருமணத்துக்குள் நுழைந்த பத்திரிகை எழுத்தாளன் தன் முதலாளிக்கு எதிராகவே திரும்புகிறான். 1953-இல் வந்த ‘ரோமன் ஹாலிடே’யில், இளவரசியோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றிய நிருபர் ஒரு வரிகூட எழுதாமல் நிற்கிறார். மூன்று படங்களிலும் தொடக்கத்தில் அந்த ஆளைத் துரத்துவது பணமும் பெயரும். இறுதியில் அவன் மனிதனாகிறான். அவன் மனிதனானதற்கு அடையாளம் அவன் எழுதாமல் விட்டது. பிரபலங்களின் உலகில் நேர்மை என்றால் மௌனம் என்பதை இந்தப் படங்கள் மூன்று தலைமுறைப் பார்வையாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தன. அந்தப் பாடம் பாதிதான் உண்மை என்பது இக்கட்டுரையின் வாதம். அதே ஆண்டுகளில் அந்தத் தொழில் உண்மையில் எப்படி நடந்தது என்று பார்த்தால், மௌனம்தான் அங்கே மிக அதிகமாக விலைபோன சரக்கு என்பது தெரியும். எழுதினானா, விட்டானா என்று கேட்பது போதாது. விட்டதால் யார் காப்பாற்றப்பட்டார் என்று கேட்டால்தான் நேர்மையின் கணக்கு சரியாக வரும்.

இந்தத் தொழில் சினிமாவோடு கூடவே பிறந்தது. ‘மோஷன் பிக்சர் ஸ்டோரி மேகஸின்’, ‘ஃபோட்டோப்ளே’ ஆகிய இரண்டு ரசிகர் பத்திரிகைகளும் 1911-இல் தொடங்கின. முதலில் படக்கதையைச் சொல்லிக்கொண்டிருந்த அவை, வாசகர்கள் கதையைவிட நடிகரைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டு, நடிகரின் வீடு, உடை, காதல் என்று திரும்பின. நடிகரோ ஸ்டூடியோவின் ஒப்பந்தச் சம்பளக்காரர். ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவு கதவைத் திறந்தால்தான் பேட்டி. படம் எடுக்க அனுமதியும் அங்கிருந்துதான். பத்திரிகை நடத்தத் தேவையான விளம்பரப் பணமும் அங்கிருந்துதான். 1934-இல் ரசிகர் பத்திரிகைகள் கட்டுமீறி எழுதுவதாகப் புகார் கிளம்பியபோது, ஸ்டூடியோக்கள் பத்திரிகை நடத்தியவர்களை உடன்பாட்டுக்குக் கொண்டுவந்து, யார் யார் நட்சத்திரங்களைச் சந்தித்து எழுதலாம் என்று ஒரு பட்டியலே வைத்துக்கொண்டன. பட்டியலில் பெயர் இருப்பவருக்குச் சோறு. இல்லாதவருக்கு வேறு வேலை. ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ வெளிவந்ததும் அதே ஆண்டுதான். திரையில் ஒரு நிருபர் தன் மனசாட்சிக்காகச் செய்தியைக் கைவிட்டுக்கொண்டிருந்தபோது, திரைக்கு வெளியே அந்த முடிவை எடுக்கும் உரிமையே நிருபரின் கையில் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

தினசரிகளில் இந்தத் தொழிலை ஒரு அதிகாரமாக வளர்த்தவர்கள் இரண்டு பெண்கள். லூயெல்லா பார்சன்ஸ் 1914-இல் சிகாகோ நாளிதழ் ஒன்றில் சினிமாப் பத்தி எழுதத் தொடங்கி, பிறகு வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் பத்திரிகைக் குழுமத்தில் சேர்ந்து, 1920-களின் நடுவில் ஹாலிவுட்டுக்கு வந்தார். 1934-இல் அவர் தொடங்கிய ‘ஹாலிவுட் ஹோட்டல்’ வானொலி நிகழ்ச்சியில் பெரிய நட்சத்திரங்கள் காசு வாங்காமல் வந்து நடித்துக்கொடுத்தார்கள். மறுத்தால் நாளைய பத்தியில் என்ன வரும் என்ற அச்சமே அவர்களுக்குக் கூலி. ஹெடா ஹாப்பர் நடிகையாக இருந்து வாய்ப்பு குறைந்தபின், 1938-இல் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ இதழில் தன் பத்தியைத் தொடங்கினார். பெவர்லி ஹில்ஸில் இருந்த தன் வீட்டை, அச்சம் கட்டிய வீடு என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். இருவருடைய பத்திகளும் அமெரிக்கா முழுவதும் பல நாளிதழ்களில் ஒரே நாளில் வெளியாகிக் கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தன. இந்தப் பத்திகளின் பலம் எழுதியதில் பாதி, எழுதாமல் வைத்திருந்ததில் பாதி. ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ தன் முதலாளி ஹெர்ஸ்டைக் குத்துகிறது என்று 1941-இல் தெரியவந்தபோது, பார்சன்ஸ் அந்தப் படத்தை நிறுத்த ஸ்டூடியோ தலைவர்களை மிரட்டினார். ஹெர்ஸ்டின் பத்திரிகைகள் அந்தப் படத்தைப் பற்றி ஒரு விளம்பரம்கூடப் போடாமல் இருட்டடிப்புச் செய்தன. படச்சுருளை எரித்துவிடுவதற்காக, படத்தைத் தயாரித்த ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்குச் சுமார் 8 லட்சம் டாலர் தர மற்ற ஸ்டூடியோக்களின் சார்பில் பேச்சு நடந்தது. எழுதாமல் இருப்பதற்கும் எழுத விடாமல் செய்வதற்கும் என்ன விலை என்பதை அந்தத் தொகை காட்டுகிறது.

இப்போது படங்களுக்குத் திரும்பலாம். ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ படத்தின் பீட்டர் வார்ன் பெண்ணின் தந்தை அறிவித்த 10,000 டாலர் வெகுமதியைத் தொடுவதில்லை. வழியில் தான் செலவழித்த 39 டாலர் 60 சென்ட்டை மட்டும் கணக்குக் காட்டி வாங்கிக்கொள்கிறான். ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’ இன்னும் சிக்கலானது. ‘ஸ்பை’ என்ற பத்திரிகையின் முதலாளி சிட்னி கிட், மணப்பெண்ணின் தந்தைக்கும் ஒரு நடனக்காரிக்கும் உள்ள தொடர்பை அச்சிடுவேன் என்று மிரட்டித்தான் தன் ஆட்களைத் திருமண வீட்டுக்குள் அனுப்புகிறார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த மக்காலே கானர் நல்ல சிறுகதை எழுதத் தெரிந்தவன். வயிற்றுப்பாட்டுக்காக இந்த வேலைக்கு வந்தவன். இறுதியில் அவனும் மணப்பெண்ணின் முன்னாள் கணவனும் சேர்ந்து சிட்னி கிட்டின் சொந்த அந்தரங்கங்களை எழுதிவைத்து, அதைக் காட்டி அவர் வாயை அடைக்கிறார்கள். மிரட்டலை மிரட்டலால் வெல்வதைப் படம் நேர்மையின் வெற்றியாகக் கொண்டாடுகிறது. ஆனால் அந்தக் கட்டமைப்பு அப்படியே நிற்கிறது. கடைசிக் காட்சியில் சிட்னி கிட் தானே வந்து திருமணத்தைப் படம் பிடிக்கிறார். 1937-இல் வந்த ‘நத்திங் சேக்ரட்’ இன்னும் கசப்பானது. ரேடியம் நஞ்சால் சாகப்போகிறாள் என்று ஒரு சிற்றூர்ப் பெண்ணை நியூயார்க் நாளிதழ் ஒன்று நகரத்தின் செல்லப்பிள்ளையாக ஆக்குகிறது. அவளுக்கு நோயே இல்லை என்று தெரிந்தபின் நகரத்துப் பெரிய மனிதர்களும் பத்திரிகையும் கைகோத்து உண்மையை மூடுகிறார்கள். இந்த மூன்று படங்களும் மௌனத்தில் முடிகின்றன. இவற்றில் இரண்டாவது மௌனம் பணக்காரக் குடும்பத்தைக் காக்கிறது. மூன்றாவது பத்திரிகையையே காக்கிறது.

இதே பத்திரிகை நகைச்சுவை மரபில் நேர் எதிரான முடிவு கொண்ட படமும் உண்டு என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பென் ஹெக்ட்டும் சார்லஸ் மெக்கார்தரும் 1928-இல் எழுதிய ‘தி ஃப்ரன்ட் பேஜ்’ நாடகம், 1940-இல் ஹவர்ட் ஹாக்ஸ் இயக்கத்தில் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ என்ற படமானது. அங்கே தேர்தலுக்காக ஒரு மனிதனைத் தூக்கிலிடத் துடிக்கும் மேயரையும் ஷெரீஃபையும் நிருபர்கள் அம்பலப்படுத்துகிறார்கள். அந்த நிருபர்களும் பொய் சொல்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள். ஆனாலும் செய்தியை வெளிக்கொண்டுவருவதுதான் அங்கே நேர்மையாகிறது. ‘நத்திங் சேக்ரட்’ திரைக்கதையை எழுதியவரும் அதே ஹெக்ட்தான். சிகாகோ நாளிதழ்களில் நிருபராக இருந்து தொழிலின் உள்ளும் புறமும் அறிந்தவர். ஆக, அரசியல் அதிகாரத்தைப் பற்றிய செய்தியானால் அச்சிடுவது நேர்மை. பிரபலத்தைப் பற்றிய செய்தியானால் அச்சிடாதது நேர்மை என்று இந்தப் படங்கள் உலகத்தை இரண்டாகப் பிரித்துவைத்தன. பிரபலங்களின் உலகிலும் மேயர்களும் ஷெரீஃபுகளும் இருந்தார்கள் என்பதை அந்தப் பிரிவினை மறைத்துவிட்டது. ஸ்டூடியோ முதலாளிகள் தங்களைப் பற்றிய ‘ஃப்ரன்ட் பேஜ்’ ஒன்றை ஒருபோதும் எடுக்கவில்லை.

நகைச்சுவைப் படத்தை வைத்து ஒரு தொழிலின் வரலாற்றை எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிரிப்பதற்காகக் கட்டிய கதையில் முடிவு இனிமையாகத்தான் இருக்கும். காதலியைப் பற்றிய செய்தியை நாயகன் விற்றால் அங்கே காதலே இருக்காது என்பது அவர்கள் வாதம். கதையின் தேவை அப்படித்தான் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்தப் படங்களை எழுதியவர்களில் பலர் அந்தத் தொழிலிலிருந்தே வந்தவர்கள். எடுத்தவர்கள் அந்தத் தொழிலால் தினமும் வாழ்ந்தவர்கள். கேத்தரின் ஹெப்பர்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1938-இல் திரையரங்கு உரிமையாளர் சங்கம் ஒன்று, வசூலுக்கு விஷம் என்று சில நட்சத்திரங்களைப் பெயர் சொல்லி விளம்பரம் கொடுத்தது. அதில் அவர் பெயரும் இருந்தது. அந்தப் பெயரிலிருந்து மீண்டுவர அவர் 1939-இல் பிராட்வே மேடையில் நடித்து, படமாக்கும் உரிமையையும் கைக்குள் வைத்துக்கொண்டு ஹாலிவுட்டுக்குத் திரும்பிய நாடகம்தான் ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’. பத்திரிகை எப்படி ஒரு நட்சத்திரத்தை வீழ்த்தும், எப்படி ஏற்றும் என்பதை அறிந்தவர்களே அந்தப் படத்தின் உள்ளே இருந்தார்கள். அவர்கள் எதைச் சொன்னார்கள் என்பதோடு, எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதும் வரலாற்றுக்குச் சான்று.

‘ரோமன் ஹாலிடே’யின் மௌனம் இவற்றிலிருந்து வேறுபட்டது, அதற்குக் காரணம் அதை எழுதியவரின் வாழ்க்கை. ‘தி ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ இதழின் நிறுவனர் வில்லியம் வில்கர்சன், 1946 ஜூலையில் தன் பத்தியில் கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள் என்று சில திரை எழுத்தாளர்களைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டினார். அவர்களில் டால்டன் ட்ரம்போவும் ஒருவர். 1947-இல் கம்யூனிஸ்ட் தொடர்பை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் ட்ரம்போவும் இருந்தார். ஸ்டூடியோக்கள் அவரைக் கறுப்புப் பட்டியலில் வைத்தன. 1950-இல் சிறைக்குப் போனார். அந்தப் பட்டியலை ஹெடா ஹாப்பர் தன் பத்தியில் விடாமல் ஆதரித்தார். ‘ரோமன் ஹாலிடே’யின் மூலக்கதையை எழுதியவர் இந்த ட்ரம்போதான். தன் பெயரில் விற்க முடியாததால் நண்பர் இயன் மெக்லெலன் ஹன்டரின் பெயரில் அது விற்கப்பட்டது. சிறந்த கதைக்கான ஆஸ்கர் விருதும் ஹன்டரின் பெயருக்கே போனது. ட்ரம்போ 1976-இல் இறந்தபின், 1993-இல்தான் அந்த விருது அவர் மனைவியிடம் தரப்பட்டது. திரைக்கதைக்கான பெயர் 2011-இல்தான் முறைப்படி மீட்கப்பட்டது. அடுத்தவர் பெயரைச் சொன்னால் பிழைக்கலாம் என்றிருந்த காலத்தில் பெயர் சொல்ல மறுத்து எல்லாவற்றையும் இழந்த ஒருவர், 5,000 டாலருக்கு ஒரு பெண்ணை விற்க மறுக்கும் நிருபரைப் படைத்தார். அந்த மறுப்புக்கு எடை உண்டு. அங்கே காப்பாற்றப்படுவது ஓர் இளம்பெண்ணின் ஒரு நாள் சுதந்திரம்; அதனால் எந்தக் குற்றமும் மறைவதில்லை, எவருக்கும் தீங்கில்லை. படம் வெளிவந்த அதே 1953-இல் பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட்டுக்கும் பீட்டர் டவுன்செண்டுக்கும் இடையிலான காதலை, முடிசூட்டு விழாவில் டவுன்செண்டின் கோட்டில் ஒட்டியிருந்த நூலை இளவரசி தட்டிவிட்டதை வைத்தே வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. கற்பனை இளவரசிக்குக் கிடைத்த கருணை உண்மை இளவரசிக்குக் கிடைக்கவில்லை.

இந்த மௌனத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மௌனத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1937 மே மாதம் எம்.ஜி.எம். நிறுவனம் நாடெங்கும் இருந்து வந்த தன் விற்பனையாளர்களுக்கு ஒரு விருந்து வைத்தது. படப்பிடிப்பு என்று சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட நடனப் பெண்கள் அங்கே அழைத்துவரப்பட்டார்கள். அவர்களில் 20 வயதுப் பெண் ஒருவர் அன்றிரவு பாலியல் வன்முறைக்கு ஆளானார். துணிந்து புகாரும் கொடுத்தார். சில நாட்கள் நாளிதழ்களில் செய்தி வந்தது. பிறகு சாட்சிகள் மாறின, வழக்கு நிற்கவில்லை, செய்தியும் நின்றுவிட்டது. நிறுவனத்தின் எட்டி மேனிக்ஸும் விளம்பரத் தலைவர் ஹவர்ட் ஸ்ட்ரிக்ளிங்கும் இப்படிப்பட்ட விவகாரங்களை மூடுவதில் கைதேர்ந்தவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். ஸ்டூடியோக்களின் அனுமதிப் பட்டியலில் இருந்த எந்த நிருபரும் இதைத் தொடர்ந்து தோண்டவில்லை. ஆய்வாளர் டேவிட் ஸ்டென் 2003-இல் எழுதும்வரை, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெண்ணின் கதை புதைந்தே கிடந்தது. இதே தொழில் 1949 டிசம்பரில் இங்ரிட் பெர்க்மனிடம் எப்படி நடந்துகொண்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மணமான நடிகை இத்தாலிய இயக்குநர் ரோசெல்லினியின் குழந்தையைச் சுமக்கிறார் என்ற செய்தியைப் பார்சன்ஸ் முதல் பக்கத்தில் முழங்கினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்க செனட் சபையிலேயே அவரை வசைபாடினார் ஓர் உறுப்பினர். பெர்க்மன் பல ஆண்டுகள் ஹாலிவுட்டைவிட்டு விலகியிருக்க நேர்ந்தது. யாருக்கும் தீங்கு செய்யாத பெண்ணின் கர்ப்பம் தலைப்புச் செய்தி. ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட குற்றம் புதைத்த செய்தி. எதை எழுதுவது, எதை விடுவது என்று இந்தத் தொழில் எடுத்த முடிவுகளின் அளவுகோல் எது என்பதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளே போதும்.

அப்படியானால் பயமில்லாமல் எல்லாவற்றையும் எழுதியவர்கள்தான் நேர்மையானவர்களா என்ற கேள்வி வருகிறது. ராபர்ட் ஹாரிசன் 1952 டிசம்பர் இதழாகத் தொடங்கிய ‘கான்ஃபிடென்ஷியல்’ பத்திரிகை அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொண்டது. 1955-இல் நாற்பது லட்சத்துக்கும் மேல் விற்று, அமெரிக்கக் கடைகளில் மிக அதிகம் விற்ற பத்திரிகைகளில் ஒன்றாக நின்றது. விலைமாதர், துப்பறிவாளர், வேலையிழந்த நடிகர் என்று காசுக்குத் தகவல் தந்தவர்களை ஹாலிவுட் முழுக்க அது வைத்திருந்தது. ஸ்டூடியோவின் கதவைத் தட்டாமலே செய்தி எடுத்தது என்பது உண்மை. ஆனால் அது யாரைத் தாக்கியது என்று பார்க்க வேண்டும். தன்பாலீர்ப்புள்ள நடிகர்கள், பழைய சிறைத்தண்டனையை மறைத்தவர்கள், நிறம் கடந்து காதலித்தவர்கள் ஆகியோரே அதன் இரை. அக்காலச் சமூகத்தின் வெறுப்புக்கு எளிதில் ஆளாகக்கூடியவர்கள். ராக் ஹட்சனைப் பற்றிய கட்டுரையை நிறுத்துவதற்காக, சந்தையில் விலை குறைந்த வேறு நடிகர்களைப் பற்றிய தகவல்களைப் பேரமாகக் கொடுத்தார்கள் என்பது ஹாலிவுட்டில் பரவலாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. 1957-இல் கலிஃபோர்னியா அரசு தொடுத்த வழக்கில் சாட்சி சொன்ன டோரதி டான்ட்ரிஜ், தான் ஒரு சுற்றுலாத் தலத்தின் காட்டுக்குள் ஒரு வெள்ளையரோடு இருந்ததாக அந்தப் பத்திரிகை எழுதியதைப் பொய் என்று நிறுவினார். கறுப்பினப் பெண்ணான தனக்கு அந்தச் சுற்றுலாத் தலத்தில் சுதந்திரமாக நடமாடவே அனுமதி இல்லையே, எப்படி அப்படி உலாவியிருக்க முடியும் என்பது அவர் வைத்த வாதம். ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை; இனி பிரபலங்களின் அந்தரங்கத்தை எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டு ஹாரிசன் வழக்கை முடித்துக்கொண்டார், மறு ஆண்டு பத்திரிகையை விற்றுவிட்டார். பார்சன்ஸ் பத்தி மேலே இருந்தவர்களைக் காத்தது. ‘கான்ஃபிடென்ஷியல்’ கீழே தள்ளக்கூடியவர்களைத் தள்ளியது. இரண்டும் ஒரே சந்தையின் இரண்டு கடைகள்.

இந்தச் சந்தை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்துவிடக் கூடாது. ‘கான்ஃபிடென்ஷியல்’ தொடங்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1943-இல், சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதுவது ஒரு வருமானம், எழுதாமலிருக்கப் பணம் வாங்குவது இன்னொரு வருமானம் என்று அவர்மீது குற்றச்சாட்டு இருந்தது. எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரிகையின் உரிமத்தை ரத்து செய்யவைத்தார்கள். லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ என்ற பத்திரிகையை எடுத்து நடத்தி, முன்னைவிட வேகமாக எழுதினார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். ‘ஹரிதாஸ்’ வெற்றியின் உச்சத்தில் இருந்த பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியபின் 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலையானார்கள். கொன்றவர் யார் என்பது இன்றுவரை தீரவில்லை. அந்தப் பத்திரிகையைப் பற்றிப் பேசும்போது நாம் அதன் ஆபாசத்தை மட்டும் சொல்கிறோம். அதைவிடப் பெரிய பிழை, எழுதாமையை அது விலைக்கு வைத்தது. காசு கொடுத்தவரின் குறை மறைந்தது, கொடுக்க மறுத்தவரின் குறை அச்சேறியது என்றால், அங்கே வாசகனுக்குப் போய்ச்சேர்ந்தது உண்மையாகவே இருந்தாலும் அது செய்தி ஆகாது.

இன்னொரு மறுப்பையும் சந்திக்க வேண்டும். ஒரு நடிகரின் படுக்கையறை பொதுமக்களுக்குத் தேவையில்லாதது. ஆகவே பிரபலங்களின் விஷயத்தில் எப்போதும் மௌனம்தான் கண்ணியம். ‘ரோமன் ஹாலிடே’ சொன்னதே சரி என்பார்கள். இதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். காதல், கர்ப்பம், நோய், குடும்பச் சண்டை, உடல் ஈர்ப்பு இவை எதுவும் எவருடைய வியாபாரமும் அல்ல. ஆனால் ‘அந்தரங்கம்’ என்ற போர்வைக்குள் இருவகை விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஒருவர் தன் வாழ்க்கையைத் தன் விருப்பப்படி வாழ்வது. மற்றது, ஒருவர் தன் அதிகாரத்தால் இன்னொருவர் வாழ்க்கையைக் குலைப்பது. முதலாவதை எழுதாமல் விடுகிற நிருபர் மனிதர். இரண்டாவதை எழுதாமல் விடுகிறவர் குற்றத்துக்குத் துணைபோகிறவர். ஸ்டூடியோக்கள் காலம் முழுக்கச் செய்த தந்திரம், இரண்டாவதையும் முதலாவதன் போர்வைக்குள் கொண்டுவந்து கண்ணியத்தின் பேரால் காத்தது. நகைச்சுவைப் படங்கள் அந்தப் போர்வையை அழகாக நெய்துகொடுத்தன. தனி ஒரு நிருபரின் நல்ல மனம் போதும் என்று நம்பவைத்து, கதவைத் திறந்து மூடும் அதிகாரம் யாரிடம் என்ற கேள்வியை அவை மறக்கவைத்தன.

ஸ்டூடியோக்களின் பிடி தளர்ந்தபின்னும் இந்த வணிகம் ஓயவில்லை. ‘ரோமன் ஹாலிடே’ எடுத்த அதே ரோமில், 1958 ஆகஸ்டில் தாஸியோ செக்கியாரோலியும் அவர் தோழர்களும் வியா வெனெத்தோ தெருவில் பிரபலங்களை இரவெல்லாம் துரத்திப் படம் பிடித்தார்கள்; அதை வைத்து ஃபெலினி எடுத்த ‘லா தோல்சே வீத்தா’ 1960-இல் வெளிவந்தது. இன்றைக்கு நெருக்கமான கட்டம் 2016-இல் வந்தது. ‘நேஷனல் என்க்வயரர்’ இதழை நடத்திய நிறுவனம், டொனால்ட் டிரம்ப்போடு தனக்கு உறவு இருந்ததாகச் சொன்ன ஒரு பெண்ணின் கதையை 1,50,000 டாலருக்கு வாங்கியது. வாங்கியதன் நோக்கமே அச்சிடாமல் வைப்பது. தேர்தலைப் பாதிக்காமலிருக்கவே அப்படிச் செய்ததாக அந்த நிறுவனம் 2018-இல் அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்புக்கொண்டது. திரைப்பட நாயகன் மனசாட்சிக்காகச் செய்ததை இவர்கள் சம்பளத்துக்காகச் செய்தார்கள். மறுபுறம், 2017 அக்டோபரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் ஜோடி கேன்டரும் மேகன் டூஹியும், ‘நியூயார்க்கர்’ இதழில் ரோனன் ஃபேரோவும் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனைப் பற்றி எழுதினார்கள். அவர் பல பெண்களிடம் வாயடைப்பு ஒப்பந்தங்கள் வாங்கியிருந்தவர். பல ஆண்டுகளாக அந்த ஊருக்கே தெரிந்த விஷயம் அது. எழுதியவர்கள் ஒவ்வொரு சொல்லையும் ஆவணத்தோடும் சாட்சியோடும் சரிபார்த்தபின் எழுதினார்கள். பேசிய பெண்களின் சம்மதத்தோடு எழுதினார்கள். எழுதக்கூடாது என்று வந்த அழுத்தத்தைத் தாங்கி எழுதினார்கள். பிரபலங்களின் உலகுக்கும் ஒரு ‘ஃப்ரன்ட் பேஜ்’ சாத்தியம் என்று நிறுவியது அந்த எழுத்து.

ஆகவே இந்தத் தொழிலின் நூறாண்டு வரலாறு தரும் தீர்ப்பு இது. பேராசை இல்லாத நிருபர் என்று எவரும் இருந்ததில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் ஆளாகச் செய்தி தர வேண்டும், பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசைதான் கேன்டரையும் ஃபேரோவையும் இரவு பகலாக உழைக்கவைத்தது. பார்சன்ஸையும் ஹாரிசனையும் உழைக்கவைத்ததும் அதே ஆசைதான். அவர்களைப் பிரிப்பது, யாருடைய தயவில் எழுதினார்கள், யாருக்காக மௌனம் காத்தார்கள் என்பவை. இன்று தமிழில் சினிமாச் செய்தி எழுதுகிற இளைஞர்களின் முன்னாலும் அதே மக்கள் தொடர்பாளர், அதே அழைப்பிதழ், அதே கதவு நிற்கிறது. எளியவரின் அந்தரங்கத்தை விட்டுவிடுங்கள். வலியவரின் அநீதியை விடாதீர்கள். இரண்டுக்கும் காசு வாங்காதீர்கள். வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு நட்சத்திரத்தைப் பற்றிய செய்தியைக் காசு கொடுத்துப் படிக்கும்போது, இது வெளிவந்ததால் யாருக்கு லாபம், வெளிவராமல் போன எதற்காக இது முன்னால் வைக்கப்பட்டது என்று ஒரு கணம் கேளுங்கள். அந்தக் கேள்வியை வாசகர்கள் கேட்காத வரையில் நேர்மை தனி நிருபரின் தியாகமாகவே இருக்கும். அவர்கள் கேட்கத் தொடங்கினால் அது தொழிலின் நடைமுறையாகும்.